பாதி அறுத்த கேடயம்

வாரிசுகளில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் கண்ணை மூடிய பிறகு வாரிசாகிறவர்கள் முதல் ரகம். இவர்களால் யாருக்கும் உபத்திரவம் இல்லை. கொஞ்சம் அழுவார்கள், மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள், சாவிக்கொத்தை வாங்கிக்கொள்வார்கள். இரண்டாவது ரகம், அந்த ஒருவர் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்து பன்றித்தொடையைக் கடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே வாரிசாகிவிடுகிறவர்கள். இவர்களுக்கு முன்கூட்டிய வாரிசு என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் மலைப்பக்கத்தில் மாட்டுக்கு அடுத்தபடி அதிகம் தென்படும் ஜீவன் இதுதான்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கோட்டையும் ஒரு கணவாயும் நாலு மேய்ச்சல் சரிவும் உள்ள எந்தப் பிரபு வீட்டுக்கு வேண்டுமானாலும் விருந்துக்குப் போங்கள். கிழவருக்கு இரண்டு இடம் தள்ளி, அதிகம் சாப்பிடாமல், காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கிழவர் சிரித்தால் இவர் சிரிக்க மாட்டார். கிழவர் தும்மினால் நிமிர்வார். கிழவர் இருமினாலோ, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அது தொண்டை இருமலா நெஞ்சு இருமலா என்று ஆராய்ச்சியில் இறங்கிவிடுவார். சாவு என்ற சொல்லே இவர் வாயில் வராது. "எல்லாம் ஆண்டவன் சித்தம்" என்பார். அதைச் சொல்லும்போது ஆண்டவன் கொஞ்சம் தாமதம் செய்கிறான் என்ற மனக்குறை மட்டும் லேசாகத் தெரியும்.

மூர்னெக் கோட்டைப் பிரபு எங்கல்மார் இந்த ரகத்தில் ஒரு பொறுக்கு மணி.

கணவாய்க்கு இந்தப் பக்கம் மூர்னெக், அந்தப் பக்கம் தாஸ்பெர்க். தாஸ்பெர்க் பிரபு ரூடிகர் இவருக்குப் பெரியப்பா முறை. மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகுட்டி கிடையாது, வயது அறுபத்திரண்டு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், எங்கள் பக்கத்துப் பிரபுக்களின் வழக்கப்படி, இரண்டு பேரும் தேவாலயத்தில் உட்கார்ந்து சகோதர ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். உன் வீட்டில் ஆண் வாரிசு இல்லாமல் போனால் உன் கோட்டையும் பள்ளத்தாக்கும் எனக்கு. என் வீட்டில் இல்லாமல் போனால் என்னுடையது உனக்கு. அவ்வளவுதான் விஷயம். கீழே இரண்டு மெழுகு முத்திரை.

இந்த ஒப்பந்தத்துக்கு இரண்டு பாதி இருக்கிறது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். எங்கல்மார் கவனிக்கவில்லை. அவருக்குப் பிறந்தது மூன்றும் பெண். ஆனாலும் பத்தொன்பது வருஷமாக முதல் பாதியை மட்டுமே படித்து வந்தார். இரண்டாவது பாதி, மரியாதைக்காக எழுதியது என்று அவருக்கு எண்ணம்.

படித்ததோடு விட்டாரா? தாஸ்பெர்க் போகும்போதெல்லாம் அங்குள்ள பெரிய கூடத்தைக் காலடியால் அளந்து வருவார். அங்கே காட்டில் பெரியப்பா நாலு மரம் வெட்டினால் இங்கே இவருக்கு வயிறு எரியும். அந்தப் பள்ளத்தாக்குக் குடியானவன் எவனையாவது சந்தையில் பார்த்தால் தோளில் கை போட்டு, பசு கன்று போட்டதா என்று விசாரிப்பார். சொந்தக் குடியானவன் பசியென்று வந்து நின்றால் அவன் பெயர் ஞாபகம் வராது. தாஸ்பெர்க்கின் ஓநாயைத் தம்முடைய மோதிர முத்திரையில் ஓரமாக ஏற்கெனவே பொறித்துக்கொண்டாகிவிட்டது. மூர்னெக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. எதற்குச் செப்பனிட வேண்டும், எப்படியும் அங்கே குடிபோகத்தானே போகிறோம் என்று பதினோரு மழைக்காலமாக ஒழுகவிட்டிருந்தார். படுக்கையறையில் மூன்று வாளிகள் இருந்தன. கட்டிலை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் அவர் மனைவி கீசெலா கதவுக்குப் பக்கத்தில் படுத்தாள்.

"ஏங்க, அந்தக் கூரையைக் கொஞ்சம் பார்க்கக் கூடாதா?" என்று கேட்பாள்.

"இன்னும் ஒரு குளிர்காலம் பொறுத்துக்கோ. பெரியப்பாவுக்குப் போன தடவையே மூச்சு வாங்கிச்சு."

"மாடிப்படி ஏறினா உங்களுக்குந்தான் வாங்குது."

பெண்களுக்கு ராஜ்ய விஷயம் புரியாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கேடயத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவருடைய முன்யோசனை உங்களுக்கு விளங்காது. ஒரு குலத்தின் கடைசி ஆண் இறந்தால், அடக்கத்தன்று அந்தக் குலச் சின்னம் தீட்டிய கேடயத்தைக் கல்லறை ஓரத்தில் வைத்து உடைக்க வேண்டும். "இன்றோடு தாஸ்பெர்க், இனி என்றும் இல்லை" என்று மூன்று தடவை உரக்கச் சொல்லி, துண்டுகளைக் குழிக்குள் போட வேண்டும். அப்போதுதான் குலம் முடிந்தது என்று ஊர் ஒப்புக்கொள்ளும். தெற்குப் பக்கம் ஒரு வீட்டில், எருமைத்தோல் போர்த்திய கேடயத்தைப் பதினொரு அடி அடித்தும் அது உடையவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். போதாததற்கு ஒரு பங்காளி, கேடயம் உடையாததால் குலமும் முடியவில்லை என்று கிளம்பி ஒன்பது வருஷம் வழக்காடினான்.

எங்கல்மாருக்கு அந்த கதி வரக் கூடாது. ஆகவே மெல்லிய லிண்டன் பலகையில் ஒரு கேடயம் செய்யச் சொல்லி, முன்னால் அழகாக ஓநாயைத் தீட்டி, பின்னால் ரம்பத்தால் பாதி ஆழத்துக்கு அறுத்தும் வைத்துவிட்டார். ஒரு தட்டு தட்டினால் போதும். அந்த வாக்கியத்தை மூன்று தடவையும் குதிரைக் கொட்டடியில் சொல்லிப் பழகினார். மூன்றாவது தடவை குரல் கொஞ்சம் தழுதழுக்க வேண்டும் என்று அவருடைய குருவானவர் ஹைமோ சாமி யோசனை சொன்னார். தழுதழுப்பு மட்டும் நாலு வருஷமாகியும் சரியாக வரவில்லை.

இப்படியிருக்க, பனிக்காலத்து மெழுகுவர்த்தித் திருநாள் முடிந்த மறுவாரம், உப்பு ஏற்றி வந்த ஒருவன் சேதி கொண்டுவந்தான்: தாஸ்பெர்க் பெரியவர் படுத்த படுக்கை, நாலு நாளாகக் கூடத்துக்கு வரவில்லை.

எங்கல்மார் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். இறங்கும்போது இரண்டு இரண்டு படியாக இறங்கினார்.

"இந்தப் பனியிலயா கணவாய் ஏறப் போறீங்க?" என்றாள் கீசெலா.

"பெரியப்பா கஷ்டப்படறப்போ பக்கத்துல இருக்க வேண்டாமா?"

"போன வருஷமும் இப்படித்தான் போனீங்க. அவர் உங்களுக்குக் கரடி வேட்டை காட்டி அனுப்பினார்."

"இந்தத் தடவை நெஞ்சுச் சளியாம்," என்றார் எங்கல்மார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது வாயில் தேன் ஊறியது.

அவரும் ஹைமோ சாமியும் இரண்டு குதிரையில் போனார்கள். கோவேறு கழுதை ஒன்றின் மேல் கறுப்புத் துணி, மெழுகுவர்த்தி, கம்பளியில் சுற்றிய கேடயம். கணவாய்க்கு அப்பால் ஓடையைக் கடக்கும்போது கழுதைக்குக் கால் வழுக்கியது. மெழுகுவர்த்தி விழுந்தது, துணி விழுந்தது, அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. கேடயம் விழுந்து தண்ணீரோடு மிதந்து போனதைப் பார்த்ததும் ஒரு பெருமகனுக்குரிய நிதானமெல்லாம் பறந்துவிட்டது. குதிரையிலிருந்து குதித்து, பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"போனா போகுது பிரபு, மேல வாங்க. வேற ஒண்ணு செஞ்சுக்கலாம்," என்று கரையிலிருந்து கத்தினார் சாமி.

"அடக்கத்துக்கு முன்னால பெயிண்ட் காயாது சாமி," என்றார் இவர், பல் கிட்டிப்போக.

கேடயம் கிடைத்தது. ஆனால் தாஸ்பெர்க் வாசலை அடைந்தபோது அவருடைய மீசை உறைந்து கம்பியாக நின்றது. பெரியப்பாவோ கணப்பருகே உட்கார்ந்து மாவுருண்டையும் கொழுப்புச் சாறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் நகச்சுற்று. நாலு நாள் படியிறங்க முடியவில்லையாம். அவ்வளவுதான் வியாதி.

"வாப்பா எங்கல்மாரா, எங்க இந்தப் பக்கம்?" என்றார். பிறகு இவர் நிறத்தைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

அன்று சாயங்காலமே எங்கல்மாருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. கோட்டையிலேயே நல்ல அறையைக் கொடுத்தார் ரூடிகர். மலைப்பொந்து அணிலின் கொழுப்பை நெஞ்சில் தடவச் செய்தார். காலையில் வந்து கட்டிலோரம் உட்காருவார், மத்தியானம் உட்காருவார், சாயங்காலமும் நகச்சுற்றோடு நொண்டி நொண்டி வந்து உட்காருவார். என்ன பாசம் என்று ஹைமோ சாமிக்கே கண் கலங்கியது.

"மூச்சு விட்டா வலிக்குதாப்பா?"

"கொஞ்சம் வலிக்குது பெரியப்பா."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"இடதா," என்றார் பெரியவர். மகளுக்கு நல்ல வரன் அமைந்த சேதியைக் கேட்டவர் மாதிரி தலையை ஆட்டினார். "ஒங்கப்பனுக்கும் இடது பக்கந்தான். அது இருக்கட்டும், உனக்கு மூணும் பொண்ணுதானே?"

"ஆமா."

"மருமகளுக்கு என்ன வயசு இப்போ?"

"நாப்பத்தொண்ணு முடிஞ்சிருக்கும்."

"ஓ. அப்ப இனிமே எங்க," என்று போர்வையை இழுத்து இவருடைய கழுத்துவரை மூடிவிட்டார். "எல்லாம் ஆண்டவன் சித்தம்."

மறுநாள் எல்லாரும் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் எங்கல்மாருக்குக் குளிர் தூக்கிப் போட்டது. இன்னொரு போர்வை இருக்குமா என்று தட்டுத்தடுமாறி எழுந்துபோய் ஜன்னலடியில் இருந்த பெட்டியைத் திறந்தார். போர்வை இருந்தது. அதற்குக் கீழே ஒரு கேடயம் இருந்தது. சாமிதான் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துப் பார்த்தார். அதில் ஓநாய் இல்லை. கொம்பு வளைந்த செம்மறிக் கடா நின்றது. அது மூர்னெக் குலத்தின் கடா, இவருடைய கடா. திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் நேர்த்தியாக, பாதி ஆழத்துக்கு, ரம்பத்தால் அறுத்திருந்தது. வர்ணம் மஞ்சளித்துப் போயிருந்ததைப் பார்த்தால் இவர் செய்ததைவிடப் பத்து வருஷமாவது மூத்தது.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு குளிர்ந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒப்பந்தத்தின் இரண்டாவது பாதி அவருக்குப் புரிந்தது. தாம் போய்விட்டால் மூர்னெக் பெரியப்பாவுக்கு. அப்படியானால் கீசெலா எங்கே போவாள்? மூத்தவள் ஹெம்மாவுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. கடைசிக் குட்டிக்கு எட்டு வயது, இருட்டென்றால் பயப்படுவாள். மூன்று பெண்களும் ஆளுக்கொரு மூட்டையோடு வாசற்கதவுக்கு வெளியே பனியில் நிற்பது கண் முன்னால் தெரிந்தது. பாவி, இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தார். விக்கி விக்கி அழுதார். கொட்டடியில் வராத தழுதழுப்பு இப்போது யாரும் கேட்காமலே வந்தது.

ஐந்தாம் நாள் கீசெலா வந்து சேர்ந்தாள். ஹைமோ சாமி ஆள் அனுப்பியிருந்தார். கூடவே ஹெம்மாவையும் கூட்டி வந்திருந்தாள். கணவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவரையும் பார்த்தாள். எங்கல்மார் பெட்டியைக் கைகாட்டினார். திறந்து பார்த்தவள், கழுதைச் சுமையோடு கொட்டடியில் கிடந்த ஓநாய்க் கேடயத்தையும் எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் போர்வை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டு பெருமக்களும் கூரையைப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கு," என்றாள் கீசெலா. "ஒருத்தருக்கொருத்தர் குழி வெட்டி ரெடியா வச்சிருக்கீங்க. எம் பொண்ணுங்களுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

"நான் என்னம்மா பண்றது, ஒப்பந்தம் அப்படி," என்றார் ரூடிகர்.

"ஒப்பந்தத்தை யாரு வேண்டான்னா மாமா? அப்படியே இருக்கட்டும். யாரு கடைசிவரைக்கும் இருக்கீங்களோ அவரே ரெண்டு கோட்டையையும் ஆளுங்க. நாங்க குறுக்க வரல. ஆனா அவர் இருக்கற வரைக்கும் என்னையும் பொண்ணுங்களையும் வாசலுக்கு வெளிய அனுப்பக் கூடாது. அவருக்கும் அப்புறம் ரெண்டும் என் மூணு பொண்ணுங்களுக்கு. இடையில புதுசா கல்யாணம்னு கிளம்பறவருக்கு ஒண்ணும் கிடையாது."

பெரியவர் யோசித்தார். "நான் இருக்கற வரைக்கும் ரெண்டும் என்னுதுதானே?"

"உங்களுதுதான்."

"எனக்கப்புறம் காக்கா கொத்தினா என்ன, உம் பொண்ணு ஆண்டா என்ன. எழுதச் சொல்லு."

எங்கல்மார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். சில நாளைக்கு முன்னால்தான் விக்கி விக்கி அழுத மனிதர். "நான் இருந்தா ரெண்டும் என்னுதுதானே?" என்றார்.

"உங்களுதுதாங்க," என்றாள் கீசெலா, குரலை ஒரு இழையும் மாற்றாமல்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பார்வையிலும் ஒரே இரக்கம்: ஐயோ பாவம், முதலில் போகப் போகிறவன் தான்தான் என்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறான். உண்மையில் இவர்களுக்குக் கோட்டை ஒரு பொருட்டே அல்ல. மற்றவன் அடக்கத்தில் நின்று கேடயத்தைத் தட்ட வேண்டும், அதுதான் பொருட்டு. இதைக் கீசெலா கல்யாணமான இரண்டாம் வருஷமே கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஹைமோ சாமி எழுதினார். ஓநாயும் கடாவும் மெழுகில் பதிந்தன. இரண்டு பேருக்கும் மேலதிகாரியான டியூக்கின் ஒப்புதலுக்கு, சக்கரம் சக்கரமாக நாற்பது பாலாடைக்கட்டி காணிக்கை போயிற்று.

இத்தோடு எங்கல்மார் திருந்தினார் என்று சொல்லக் கைதான் துறுதுறுக்கிறது. கொஞ்சம் திருந்தவும் செய்தார். மூர்னெக் திரும்பியதும் கூரைக்கு ஆள் வைத்தார். தம் குடியானவர்களில் இருபது பேரின் பெயரைக் கற்றுக்கொண்டார். வசந்தத்தில் உடம்பு தேறி, ஆப்பிள் மரமெல்லாம் பூத்த ஒரு நாள், வேட்டைக்குக் கிளம்பியவர் கையுறையை மறந்துவிட்டு மாடிக்குத் திரும்பினார். படுக்கையறையில் பேச்சுக்குரல் கேட்டது.

உள்ளே ஹெம்மாவும் ஒரு தச்சனும் நின்றிருந்தார்கள். தச்சன் கையில் அளவுகோல் இருந்தது.

"இந்தச் சுவரை இடிச்சு ஜன்னலைப் பெரிசாக்கிடலாம். கட்டில் அந்த மூலைக்குப் போயிடட்டும். இந்த அலமாரி வேண்டாம், பழசு, ஒரே இருட்டா இருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அது பொய்யான மலர்ச்சியில்லை. அவளுக்கு அப்பாவிடம் உயிர்.

"என்னம்மா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லப்பா, சும்மா பேசிக்கிட்டிருந்தோம். இந்த ரூமுக்கு வெளிச்சமே இல்லல்ல?"

"எனக்கு இந்த வெளிச்சம் போதும்மா."

"ஐயோ, இப்ப யாருப்பா இடிக்கப் போறா?" என்று அருகே வந்து அவருடைய மேலங்கியின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துவிட்டாள். "மெதுவா ஆகட்டும். அவசரமே இல்ல."

தச்சன் மரியாதையாக ஒதுங்கி நின்றான். அவனுடைய பார்வை ஒரு தடவை கட்டிலுக்குப் போய், பிறகு எங்கல்மாருக்கு வந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. திட்டுவதற்கு அந்தப் பெண் ஒரு தப்பான வார்த்தையும் சொல்லவில்லை. கையுறையை எடுக்காமலே படியிறங்கினார்; ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

உங்களுக்குக் கோட்டையுமில்லை, கணவாயுமில்லை, இந்தக் கதை உங்களைத் தொடாது, தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அத்தையைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு போனீர்கள். அரை மணி நேரம் அன்பாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். கிளம்பும்போது மாடிப் போர்ஷன் எத்தனை சதுர அடி இருக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியதே, அது சும்மா பொது அறிவுக்காக. நான் நம்புகிறேன். ஒன்றே ஒன்று சொல்லிவைக்கிறேன். சாயங்காலம் உங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது, உங்கள் அறையில் பிள்ளைகள் தாழ்ந்த குரலில் எதையோ பேசிக்கொண்டிருந்தால், உடனே உள்ளே போய்விடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்று கேளுங்கள். குரல் உங்களுடையதாக இருக்கும்.